கவர்ச்சி விசைக்கு மாற்றுச் சொல்

கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. நான்காம் படிவம், ஐந்தாம் படிவம் என்று பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குப் பத்தொன்பது வருடமாக அதே பாடங்களைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். மலாயில் நடத்துவேன், சில வகுப்புகளுக்கு ஆங்கிலத்தில் நடத்துவேன். தமிழில் ஒருநாளும் நடத்தியதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து கதையடிக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்து, "அங்க என்ன கூத்து?" என்று கேட்பதற்கு மட்டும்தான் என் தமிழ் ஆய்வுக்கூடத்தில் பயன்பட்டிருக்கிறது. அந்த ஒரு கேள்விக்கே வகுப்பு அடங்கிவிடும். அதனால் என் தமிழைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வம் ஒரு மதிய விருந்தில் போயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில் குடியிருப்பாளர் சங்கத்தின் ஒன்றுகூடல். அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். வாழை இலைக்கு முன்னால் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் சங்கத் தலைவர். எழுபதைத் தாண்டியவர், நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழில் சாட்சி சொல்பவர் என்ன சொன்னார் என்று நீதிபதிக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் எடுத்துச் சொல்வதுதான் முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் செய்த வேலை. அந்த வேலை அவரிடம் ஒரு நம்பிக்கையை விட்டுப் போயிருந்தது. உலகத்தில் எந்தச் சொல்லுக்கும் தமிழில் சரியான சொல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அவருக்குத் தெரியும்.

"டீச்சருன்னு உங்க அக்கா சொன்னாங்க. என்ன பாடம்?" என்று கேட்டார்.

"கெமிஸ்ட்ரி அங்கிள்."

"தமிழ்ல சொல்லுங்க."

"வேதியியல்."

தேறிவிட்டேன் என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை, கீழ்த்தளக் கூடத்தில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் நிகழ்ச்சி நடத்தப் போகிறார்கள். ஒரு மணி நேரம் நான் பேச வேண்டும், ஏதாவது செய்தும் காட்ட வேண்டும்.

"போன வாட்டி ஒருத்தர் எரிமலை செஞ்சாரு. கூடத்துல ரெண்டு வாரத்துக்கு வினிகர் வாசம். அதனால புகை கூடாது, வாசனை கூடாது. முக்கியமா, ரோஜாக் மாதிரி மூணு பாஷையையும் கலந்து பேசக் கூடாது. சுத்தத் தமிழ்."

பாயசம் வரும் நேரத்தில் நான் சம்மதித்துவிட்டேன். பாயசத்துக்கு முன்னால் அவர் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து, எதைச் செய்து காட்டலாம் என்று யோசித்தேன். புகை வராது, வாசனை வராது, தரையும் நனையாது என்றால் ஒரே ஒரு சோதனைதான் நினைவுக்கு வந்தது. பத்து சென் காசின் மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இதோ வழிந்துவிடும், இதோ வழிந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். ஆனால் தண்ணீர் வழியாமல் காசின் மேல் குட்டிக் குன்று மாதிரி நிற்கும். தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் அப்படி. நான்காம் படிவத்தில் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கும் பாடம். இதைத் தமிழில் சொல்வதில் என்ன கஷ்டம் என்று நினைத்தபடி ரயில் ஷா ஆலமைத் தாண்டும்போது மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன். "பிள்ளைகளே, தண்ணீரின்..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வந்ததெல்லாம் மலாய்தான். மூலக்கூறு என்ற சொல்லே கிள்ளான் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

வீட்டில் இணையத்தைத் துழாவினேன். மலாயில் 'டாயா தாரிக்கான்' என்று சொல்வோம். இழுத்து ஆற்றும் தேநீரைத் தே தாரே என்கிறோமே, அதே இழுப்புதான். அதற்குத் தமிழ்ப் பாடநூல் ஒன்றில் 'கவர்ச்சி விசை' என்று போட்டிருந்தது. மூலக்கூறுகளுக்கு இடையேயான கவர்ச்சி விசை. படிக்கும்போதே முதுகு நிமிர்ந்தது. அதையே நிகழ்ச்சியின் தலைப்பாக எழுதி அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது பதில் வந்தது. குரல் பதிவு, நான்கு நிமிடம். காரில் போட்டுக் கேட்டேன்.

"வணக்கம் டீச்சர். தலைப்பு பார்த்தேன். கவர்ச்சின்னு போட்டிருக்கீங்க. நீங்க எந்த அர்த்தத்துல சொல்றீங்கன்னு எனக்குப் புரியுது. ஆனா நம்ம ஜனங்களுக்கு அந்தச் சொல்லைக் கேட்டா என்ன ஞாபகம் வரும்னு உங்களுக்கே தெரியும். சினிமா போஸ்டர்தான் ஞாபகம் வரும். அடுக்குமாடிக்குக் கீழ அந்த பேனரைக் கட்டினா, நமக்கு வேண்டாத கூட்டம் வரும். வேண்டிய பிள்ளைங்களை அனுப்ப மாட்டாங்க."

மீதி மூன்று நிமிடம் அந்தச் சொல்லின் வரலாறு.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எது வேண்டும் அங்கிள் என்று கேட்டேன். ஈர்ப்பு என்றார். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் புவியீர்ப்பு தெரியும், ஈர்ப்பு என்றால் எல்லாம் கீழே விழும் என்றுதான் நினைப்பார்கள் என்றேன். மறுநாள் 'நாட்டம்' வந்தது. அது எனக்குத் திருமண விளம்பரம் மாதிரி இருந்தது. அதற்கடுத்த நாள் 'பாசம்'. தண்ணீருக்குத் தண்ணீர் மேல் பாசம் என்று சொன்னால் பிள்ளைகள் அம்மா எங்கே, அப்பா எங்கே என்று கேட்பார்கள் என்றேன். 'சேர்க்கை' என்று ஒன்றை அனுப்பிவிட்டு, நான் திறந்து பார்ப்பதற்குள் அவரே அதை அழித்துவிட்டார். பிறகு விளக்கமும் அனுப்பினார்: "கெட்ட சேர்க்கைன்னு வந்துரும்."

ஒரு கட்டத்தில், இந்த விசைகளில் சிலவற்றுக்கு ஒரு டச்சு விஞ்ஞானியின் பெயரை வைத்திருக்கிறார்கள், வேண்டுமானால் அதையே போட்டுவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"டச்சுக்காரன் மலாக்காவைப் பிடிச்சதே போதும் டீச்சர். தண்ணியையும் அவன் பேருக்கு எழுதிக் கொடுக்க வேண்டாம்."

இன்னொரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டு வழக்கு விசாரணை மாதிரி கேட்டார். "எனக்கு ஒண்ணு தெளிவா சொல்லுங்க. இதுல யார் யாரை இழுக்கிறது?"

"ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும் அங்கிள்."

"ஒரே பலத்துலயா?"

"ஒரே பலம்தான்."

"அப்ப ரெண்டு தரப்புக்கும் சம்மதம்."

"மூலக்கூறுக்குச் சம்மதமெல்லாம் கிடையாது அங்கிள்."

"சம்மதம் இல்லாம எப்படிலா..." என்று ஆரம்பித்தவர், தன் வாயிலிருந்து மலாய் லா வந்ததை உணர்ந்து நிறுத்திக்கொண்டார். "சரி டீச்சர், நாளைக்குப் பேசுவோம்."

இவ்வளவையும் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் என் கணவர். துறைமுகத்தில் கொள்கலன் கணக்குப் பார்க்கும் வேலை அவருக்கு. வேதியியலைப் படிவம் ஐந்தோடு விட்டவர். அதில் அவருக்கு வருத்தமும் இல்லை. என் சோதனைக்கு அவரைத்தான் முதல் மாணவனாக உட்கார வைத்தேன். மருந்து ஊற்றும் டிராப்பரைக் கையில் கொடுத்து, காசின் மேல் எத்தனை சொட்டு நிற்கும் என்று கேட்டேன். அஞ்சு என்றார். பதினைந்தாவது சொட்டில் குனிந்து பார்த்தார். இருபதாவது சொட்டில் மூச்சை அடக்கிக்கொண்டார். இருபத்தேழாவது சொட்டில் அந்தக் குன்று சரிந்து மேசையில் ஓடியது. அதுவரை விளையாட்டாக இருந்தவர், "இரு, காசைத் தொடச்சிட்டு இன்னொரு வாட்டி போடுறேன்," என்றார்.

சோதனை வெற்றி என்று நினைத்தேன். ஆனால் அன்று மாலை அவர் குடும்பக் குழுவில் ஒரு செய்தி போட்டார். 'என் மனைவி வரும் சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸில் கவர்ச்சி பற்றிப் பேசுகிறார். அனைவரும் வருக.' கூடவே நான் சமையலறையில் கைலியோடு டிராப்பர் பிடித்து நிற்கும் படம்.

பத்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள். "என்னடி இது, செமினியில இருக்கிற சித்தி கூப்பிட்டு எத்தனை மணிக்குன்னு கேக்குறாங்க."

"நிகழ்ச்சி பிள்ளைங்களுக்குன்னு சொல்லு."

"அதைச் சொன்னா இன்னும் மோசமா இருக்குலா."

அன்றைக்குத்தான் அங்கிள் சொன்னது முழுக்கச் சரி என்று எனக்குப் பட்டது. ஆனால் அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. மூன்று வாரமாக வாதாடிவிட்டு இப்போது போய் எப்படிச் சொல்வது? நிகழ்ச்சிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. பேனர் அச்சுக்குப் போக வேண்டும். அக்கா வீட்டுக்குக் கீழே, மோனோரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த அச்சுக்கடைக்கு நானே நேரில் போனேன். 'ஈர்ப்பு' என்று போட்டுவிட்டு அங்கிளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுப்பது என் திட்டம்.

கடையில் கணினிக்கு முன்னால் இருந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் ஊர். வேலை பெர்மிட்டில் வந்து நான்கு வருடம் ஆகிறது என்று பிறகு தெரிந்தது. அவர் திரையில் எங்கள் பேனர் ஏற்கெனவே திறந்திருந்தது. கொட்டை எழுத்தில் 'கவர்ச்சி' என்று இருந்தது.

"இதை யாரு கொடுத்தது?" என்று கேட்டேன்.

"சங்கத்து ஐயா காலையில வந்தாருங்க மேடம். டீச்சர் மனசு கஷ்டப்பட வேணாம், அவங்க எழுதின சொல்லையே போட்டுடுன்னாரு."

திரையை மறுபடி படித்தேன். நான் அவருக்கு விட்டுக்கொடுக்கப் போன அதே நாளில், அவர் எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இல்ல, அதை ஈர்ப்புன்னு மாத்திடுங்க," என்றேன்.

அவர் உடனே மாற்றவில்லை. "மேடம், தப்பா நினைக்காதீங்க. நாங்க கவர்ச்சி விசைன்னுதாங்க படிச்சோம். யாரும் சிரிச்சதில்ல. இருமுனை இருமுனை விசை, தூண்டப்பட்ட இருமுனை, ஹைட்ரஜன் பிணைப்பு, எல்லாம் அந்தப் பாடத்துலதான் வரும்."

தூண்டப்பட்ட இருமுனை. பத்தொன்பது வருடமாக நான் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் சொல்லி வந்த ஒன்று, அச்சு மையின் வாடைக்கு நடுவே தமிழில் வந்து நின்றது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

"பிஎஸ்சி வேதியியல் மேடம். தமிழ் மீடியம்."

"அப்புறம் ஏன் இங்க?"

அவர் மவுசை நகர்த்திக்கொண்டே சொன்னார். "மேல படிக்கப் போனேன். நேர்முகத்துல எல்லாக் கேள்வியும் இங்கிலீஷ்ல கேட்டாங்க. பதில் எல்லாம் தெரியும் மேடம். தமிழ்ல தெரியும். வாயில வரல. அப்புறம் ஃபோட்டோஷாப் கத்துக்கிட்டேன், அதுல பாஷை பிரச்சினை இல்ல."

வருத்தமாகச் சொல்லவில்லை. பேருந்து தவறிவிட்டது, அடுத்ததில் வந்தேன் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. எனக்கும் எல்லாப் பதிலும் தெரியும், தமிழில் மட்டும் வராது. அதற்காக என்னை யாரும் எங்கிருந்தும் திருப்பி அனுப்பியதில்லை.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு வர முடியுமா என்று கேட்டேன். கடை மதியம் வரை உண்டு, ஆனால் பேனர் கட்ட எப்படியும் தான்தான் வர வேண்டும் என்றார். கிளம்பும்போது, "அப்ப எந்தச் சொல்லைப் போடட்டும் மேடம்?" என்று கேட்டார். "நீங்களே பார்த்துப் போடுங்க," என்று சொல்லிவிட்டு நழுவினேன். ஆசிரியர்கள் பொறுப்பைக் கைமாற்றுவதில் தேர்ந்தவர்கள்.

சனிக்கிழமை காலை கூடத்துக்குள் நுழைந்தபோது அங்கிள் வெள்ளைச் சட்டையில் பேனருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். பேனரில் பெரிய நீர்த்துளி ஒன்றின் படம். அதன் கீழே ஒரே வரி: 'நீர்த்துளி ஏன் உருண்டையாக இருக்கிறது?' கவர்ச்சியும் இல்லை, ஈர்ப்பும் இல்லை.

அங்கிள் வெகுநேரம் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஒற்று எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுகிறார் என்பது தெரிந்தது. ஒன்றும் அகப்படவில்லை. "பரவால்ல, தம்பி நல்லா பண்ணியிருக்காரு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"கவர்ச்சின்னே போடச் சொன்னீங்களாமே அங்கிள்," என்றேன்.

"நீங்க ஈர்ப்புன்னு போடச் சொன்னீங்களாமே," என்றார் அவர்.

முப்பது பிள்ளைகள் போல வந்திருந்தார்கள். செமினி சித்தியும் வந்திருந்தார். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஆளுக்கொரு காசு, இருவருக்கு ஒரு டிராப்பர் என்று கொடுத்துச் சொட்டுவிடச் சொன்னேன். கூடமே எண்ண ஆரம்பித்தது. ஒரு மேசையில் பதினெட்டு, ஒரு மேசையில் முப்பத்தொன்று. முப்பத்தொன்றை யாரும் நம்பவில்லை, மறுபடி விடச் சொன்னார்கள். பிறகு காசைத் துடைத்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீரை விடச் சொன்னேன். முந்தைய எண்ணிக்கையில் பாதியிலேயே வழிந்து ஓடியது. சவர்க்காரம் நடுவில் புகுந்ததால் தண்ணீர் மூலக்கூறுகளால் முன்போல் ஒன்றையொன்று இழுக்க முடியவில்லை என்று சொன்னேன். அதுவரை என் தமிழ் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள். "டீச்சர், தண்ணி இவ்வளவு இறுக்கமா புடிச்சுக்கிட்டு இருக்குன்னா, அம்மா தே போட தண்ணி சூடு பண்றப்ப ஏன் புகையா போகுது?"

நல்ல கேள்வி என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் பதிலின் முதல் சொல் என்னிடம் இல்லை என்று தெரிந்தது. "அது வந்து, தண்ணி அதோட தாக்காட் டிடே..." என்று ஆரம்பித்தேன். அங்கிளின் புருவம் மேலே போயிற்று. கொதிநிலை என்ற சொல் எனக்குத் தெரியாததல்ல. பயத்தில் அது வரவில்லை. அதற்குப் பின்னால் வரிசையாக நின்ற சொற்களும் மலாய்தான். கடைசி வரிசையில் சித்தி எனக்காகக் கவலைப்படுவது தெரிந்தது.

அந்த நேரத்தில் அச்சுக்கடைக்காரர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். பேனரின் இடது மூலையில் ஒட்டிய டேப் சுவரை விட்டு வந்துவிட்டதால் அதைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அண்ணாந்து அவரைப் பார்த்தேன். அவர் ஏணியில் இருந்தபடியே, மூச்சு விடாமல் சொன்னார்:

"வெப்பநிலை உயரும்போது மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் அதிகரித்து, அவற்றுக்கு இடையேயான கவர்ச்சி விசையை விஞ்சிவிடுகிறது. எனவே அவை திரவ நிலையிலிருந்து விடுபட்டு வாயு நிலையை அடைகின்றன."

எல்லாரும் ஏணியை அண்ணாந்து பார்த்தார்கள். அது வானொலிச் செய்தி கேட்கும் முகம். பிள்ளைகளுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.

அங்கிள் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ஒரு வாக்குமூலம் தரப்பட்டிருக்கிறது, கேட்டவர்களுக்கு அது புரியவில்லை. அந்த இடத்தில் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஏணிக்குப் பக்கத்தில் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவரு என்ன சொல்றாருன்னா," என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார், "ராத்திரிச் சந்தைக்கு, பாசார் மாலாமுக்கு அம்மாவோட போறீங்க. கைய புடிச்சுக்கிட்டு மெதுவா நடக்கிறீங்க. கை விடாதுல்ல? திடீர்னு எல்லாரும் ஓட ஆரம்பிச்சா?"

"கை விட்டுரும்," என்றார்கள் பிள்ளைகள்.

"அதான். சூடு ஏற ஏற உள்ள இருக்கிறதுங்க ஓட்டம் புடிக்குது. ஒண்ணையொண்ணு புடிச்ச புடி விட்டுப் போகுது. அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பறந்துடுது."

ஏணியிலிருந்து குரல் வந்தது. "ஐயா, ஒண்ணு சேர்த்துக்கோங்க. மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள விசைதான் முறியுது. மூலக்கூறுக்கு உள்ளே இருக்கிற சகப்பிணைப்பு முறியாது."

வருடா வருடம் என் மாணவர்களில் பாதிப் பேர் தவறாக எழுதும் இடம் அது. தண்ணீர் கொதித்தால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரிந்துவிடும் என்று எழுதுவார்கள். அங்கிள் ஒரு கணம் யோசித்தார். நீதிமன்றத்தில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அப்போது பார்த்தேன். தலை சற்றே சாய்ந்திருந்தது. கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

"நம்ம ஃப்ளாட்டுல பக்கத்து வீட்டுக்காரங்களோட சிநேகமா இருக்கோம். ஒருநாள் வீட்டை மாத்திக்கிட்டு சுங்கை பூலோ போயிடுறோம். பக்கத்து வீட்டுச் சிநேகம் விட்டுப் போகுது. ஆனா வீட்டுக்குள்ள அம்மா, அப்பா, பிள்ளை ஒண்ணாத்தான் போறாங்க. குடும்பம் பிரியல. அதைத்தான் அவரு சொல்றாரு."

கேள்வி கேட்ட பிள்ளை, "அப்ப புகையும் தண்ணிதானா?" என்றாள்.

அங்கிள் ஏணியைப் பார்த்தார். அச்சுக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "தண்ணிதான். ஆனா அது புகை இல்ல, நீராவி," என்று தீர்ப்புச் சொன்னார் அங்கிள்.

மீதிக் கால்மணி நேரமும் அப்படியே போயிற்று. பிள்ளைகள் கேட்பார்கள், ஏணியில் இருப்பவர் பாடநூல் தமிழில் சொல்வார், அங்கிள் அதைப் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழுக்கு மாற்றுவார். லோரி வந்தது, மோனோரயில் வந்தது, ஒரு இடத்தில் 'ஜேம்' என்றுகூடச் சொன்னார். போக்குவரத்து நெரிசலைத்தான் அப்படிச் சொன்னார், அவர் காதில் அது விழவே இல்லை. டேப் எப்போதோ ஒட்டியாயிற்று, ஆனால் அச்சுக்கடைக்காரரை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் மேசை மேசையாகப் போய்க் காசுகளைத் துடைத்து வைத்தேன். பேச அழைக்கப்பட்டவள் நான்தான் என்பதை அங்கிள் நன்றியுரையில் ஞாபகமாகச் சொன்னார்.

எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது அவரிடம் கேட்டேன். "பிடின்னு சொன்னீங்களே அங்கிள், அது நல்லா இருந்துச்சு. மூணு வாரமா ஏன் அதைச் சொல்லல?"

"அது மொழிபெயர்ப்பு இல்ல டீச்சர்," என்றார். "விளக்கம். ரெண்டும் வேற." சொல்லிவிட்டு அச்சுக்கடைக்காரரிடம் போய், விஞ்சிவிடுகிறது என்ற சொல்லை எந்தப் பாடநூலில் படித்தீர்கள் தம்பி என்று விசாரிக்க ஆரம்பித்தார். இருவரும் பேசிக்கொண்டே எதிர்க்கடைக்குத் தேநீர் குடிக்கப் போனார்கள். என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

கூப்பிட்டது சித்திதான். செமினியிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததற்கு என்ன புரிந்தது சித்தி என்று கேட்டேன். "எல்லாம் புரிஞ்சது. நீதான் ஒண்ணும் பேசல," என்றார்.

அச்சுக்கடைக்காரரோடு தொடர்பு விட்டுப்போகவில்லை. அவருடைய முதலாளியின் மகள் அந்த வருடம் நான்காம் படிவம். அன்று ஏணியில் நடந்தது முதலாளியின் காதுக்குப் போய், வாரம் இரண்டு நாள் மாலையில் கடையிலேயே மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டிருக்கிறார். இவருக்குப் பாடம் தெரியும், மலாய்ச் சொற்கள் தெரியாது. அதனால் எனக்குச் செய்தி அனுப்புவார். 'மேடம், முனைவுள்ள மூலக்கூறுக்கு மலாயில் என்ன?' நான் 'மொலேகுல் பெர்குத்துப்' என்று அனுப்புவேன். 'குத்துப் என்றால்?' 'துருவம்.' 'அருமை மேடம், கிட்டத்தட்ட நம்ம சொல்தான்.' இப்படியே எனக்கும் தமிழ்ச் சொற்கள் சேர்ந்துகொண்டே வந்தன. ஒருநாள் வகுப்பில் மறதியாகக் கொதிநிலை என்று சொல்லிவிட்டேன். பின்வரிசையில் கதையடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர், தங்களைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆண்டிறுதிச் சோதனைக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. அந்தப் பெண்ணின் விடைத்தாள். மதிப்பெண் மோசமில்லை. ஒரு கேள்வியில் மட்டும் சிவப்பு வட்டம். தண்ணீரின் கொதிநிலை ஏன் அதிகம் என்ற கேள்விக்கு, மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு வலுவானது என்று எழுதியிருந்தாள்.

படத்தின் கீழே அவர் எழுதியிருந்தார்: 'நான் ஒழுங்காகத்தான் சொன்னேன் மேடம். குடும்பம் பிரியாது என்றுகூடச் சொன்னேன். இப்படி எழுதி வைத்திருக்கிறாள். மேல்முறையீடு செய்ய முடியுமா என்று சங்கத்து ஐயா கேட்கச் சொன்னார்.'

முடியாது, திருத்தியது சரிதான் என்று பதில் போட்டேன். அதோடு விட மனமில்லாமல் இன்னொன்றும் எழுதினேன். 'வருத்தப்படாதீர்கள். நம்மைப் போன்ற ஆசிரியர்கள் எல்லாருக்கும் இது வருடா வருடம் நடப்பதுதான்.'

பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் குறிகள் காட்டின. வழக்கமாக உடனே பதில் போடுகிறவர், அன்று நான் சோறு வடித்து இறக்கும் வரை ஒன்றும் அனுப்பவில்லை. பிறகு வந்தது.

'சரிங்க மேடம். செவ்வாய்க்கிழமை அந்தப் பாடத்தை மறுபடி நடத்திவிடுகிறேன்.'